முள்ளை ஏற்றிய அதிகாரி

காற்றழுத்தம் குறைந்தால் காற்று வேகமெடுக்கும். புயலின் நடுவில் எவ்வளவு குறைகிறதோ, சுற்றிலும் அவ்வளவு பேயாட்டம். கடலோர வானிலை நிலையத்தின் அதிகாரி இதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்னவர்தான். ஆனால் தன் மகளின் கல்யாணத்தன்று காலையில் அழுத்தமானியின் முள் சரியத் தொடங்கியதும், அந்த உண்மை அவருக்கு அறவே பிடிக்காமல் போனது.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஊரில் நாலு பேர் கூடக் கூடாது என்பது விதி. எழுதியவரும் அவரேதான். கல்யாணமோ சாயங்காலம், கடற்கரைத் திடலில், துணிக் கொட்டகையில். பாவம் மனுஷன்.

"நீங்க அறிவிச்சா கல்யாணம் நின்னுடும்ங்க. பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி போனில்.

அதிகாரி உதவியாளரைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, அழுத்தம் குறைஞ்சாதானே காத்து கூடும்?"

"ஆமா சார்."

"அப்ப அழுத்தத்தைக் கூட்டினா?"

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "குறையணும் சார். ஆனா புயல் கடல் மேல..."

"கடல் நம்ம அதிகார எல்லைக்குள்ள வராது. அறைக்குள்ள இருக்கறதைக் கவனி."

மேற்படி முடிவின் பேரில், வரவேற்பறை மீன்தொட்டிக்குள் அழுத்தமானி வைக்கப்பட்டது. மீன்கள் தற்காலிகமாக வாளிக்கு இடமாற்றம் செய்யப்பட்டன. மூடியைச் சுற்றிப் பஞ்சர் பசை பூசி, உதவியாளர் சைக்கிள் பம்பால் காற்றடிக்க, முள் அடக்க ஒடுக்கமாக மேலே ஏறியது. 'பொதுமக்கள் நலன் கருதி சைக்கிள் பம்ப் மூலம் காற்றழுத்தம் உயர்த்தப்பட்டுள்ளது. காற்று தணியும்' என்று அறிவிப்பு போனது. ஊரே கைதட்டியது. வெளியே மரங்கள் தலைவிரித்து ஆடின. ஆனால் ஜன்னலைப் பார்த்து அறிக்கை எழுதும் வழக்கம் அந்த நிலையத்தில் கிடையாது.

சாயங்காலம் கொட்டகை பறந்தது. விருந்தாளிகள் மேசைக்கடியில் புகுந்தார்கள். மாப்பிள்ளை கம்பத்தைக் கட்டிக்கொண்டார், மணப்பெண் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அந்த வகையில் கல்யாணம் இனிதே நடந்தேறியது.

மறுநாள் காலை நிலையத்து வாசலில் கூட்டம். தர்ம அடி நிச்சயம் என்று அதிகாரி கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். முதலில் தட்டியவர் கொட்டகையைப் பறிகொடுத்தவர்.

"சார், ஒத்தை பம்பை வச்சுக்கிட்டு தனியா எவ்வளவுதான் அடிப்பீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அதிகாரி எட்டிப் பார்த்தார். ஆளுக்கொரு பம்ப். பின்னால் தலையில் கட்டோடு அவர் சம்பந்தி. அவர் கையிலும் ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அடுத்த வாரம் என் பையன் கல்யாணம் சார். அதே திடல்லதான்," என்றார் கொட்டகைக்காரர். "உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அதிகாரி திறந்த வாயை மூடினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தள்ளாதீங்க, வரிசையில வாங்க," என்றார்.