வலது காலும் தாய்மாமன் விசிலும்

கம்பம்,
வியாழக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் விஜயகுமார் அவர்களுக்கு, சுந்தரலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் திராட்சைப் பந்தலும் நலம். தங்கள் அக்கா கஸ்தூரியும் நலம்தான், ஆனால் அதை முகத்தில் காட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். உத்தமபாளையத்தில் தாங்களும் தங்கள் பள்ளிக்கூடமும் தங்கள் விசிலும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளை, இந்தத் 'தாங்கள்' எனக்குச் சரிப்படவில்லை. இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் போதும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் திரிஷாவின் பாஸ்கெட்பால் அரையிறுதி ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா அவள் போனில் உன் நம்பரை பிளாக் பண்ணினாள், பிறகு என் போனையும் கேட்டு வாங்கி அதிலும் பண்ணிவிட்டாள். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி நாளைக்குக் கோர்ட் வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ ரெஃப்ரியாக நின்றாய், முறைப்படிதான் ஊதினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திரிஷா பந்தைப் பிடிக்கிறாள், நீ ஊதுகிறாய், அவள் மறுபடி பிடிக்கிறாள், நீ மறுபடி ஊதுகிறாய், ஊதுவதோடு விடாமல் 'டிராவலிங்' என்று இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து உருட்டி உருட்டிக் காட்டுகிறாய், அதைப் பார்க்கப் பார்க்க உன் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காது குத்துறப்ப மடியில வச்சிருந்தவன், இன்னைக்கு அவ கையில இருக்க பந்தப் பிடுங்கி எதிராளுக்குக் குடுக்குறான் பாருங்க! கையை வேற உருட்டிக் காட்டுறான்!" என்று அவள் போட்ட சத்தம் உனக்கும் கேட்டிருக்கும், கேட்காத மாதிரி நின்றாய். எப்படியோ நம் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் கோச் ஜாய்ஸ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறவுக வர்றாக சார். திரிஷா கால் இப்படியே இருந்தா நான் அவளைப் பெஞ்சுல உக்கார வைக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை யார் தேர்ந்தெடுப்பார்கள்? அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

சரி, அது என்னதான் ரூல் என்று டீச்சரிடமே கேட்டேன். பஸ் ஏறி லோயர் கேம்ப் வரைக்குமாவது போய்வந்தால்தான் டிராவலிங் என்று நினைத்திருந்தவன் நான். நின்ற இடத்தில் காலை மாற்றினாலே டிராவலிங்காம். பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது எந்தக் கால் முதலில் தரையில் ஊன்றுகிறதோ அது பிவட் கால், அது அங்கேயே இருக்க வேண்டும், மற்றக் கால் அதைச் சுற்றி எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வரலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதென்றால், பந்து கையை விட்ட பிறகுதான் ஊன்றிய கால் கிளம்ப வேண்டும். கேட்கும்போது புரிந்தது, வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது. அதனால் செய்து பார்த்துவிடுவோம் என்று திரிஷாவின் பழைய பந்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் போய்விட்டேன். அங்கே என்றால் உன் அக்கா கண்ணில் படாது.

அன்றைக்குத்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தது. குதித்தேன், பந்தலின் கம்பி மண்டையில் பட்டது, வலது கால் சேற்றில் இறங்கியது, இறங்கியது இறங்கியதுதான், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது காலால் சுற்றிச் சுற்றி வருகிறேன், அதைவிடச் சுத்தமான பிவட்டை டீச்சர்கூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்தது மலைச்சாமி. எனக்கு வலிப்பு என்று முடிவு பண்ணி, மோட்டார் ரூம் சாவியோடு ஓடிவந்து, "பந்த விடுண்ணே, சாவியப் பிடிண்ணே!" என்று கத்துகிறான். "பந்த விட்டாத்தான்டா கால எடுக்கலாம், விட மாட்டேன்" என்றேன். அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. இப்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என்னிடம் மாத்திரை போடுகிறீர்களா என்று விசாரிக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். அன்று சாயங்காலம் வாசலில் திரிஷா விளையாடுவதை அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மாப்பிள்ளை, எனக்கு விஷயம் பிடிபட்டது. பிள்ளை பந்தைப் பிடிக்கும்போது வலது காலைத்தான் முதலில் ஊன்றுகிறாள். கிளம்பும்போதும் வலது காலையே எடுக்கிறாள். ஊன்றிய காலையே தூக்கி வைத்தால் நீ ஊதாமல் என்ன செய்வாய்? "ஏன்டா இப்படிச் செய்யிற?" என்று கேட்டேன். "அம்மாதான் சொன்னாக. எதுக்கும் வலது காலத்தான் முதல்ல வைக்கணுமாம். பந்தப் பிடிக்கிறப்பவும் அதுதான், கிளம்புறப்பவும் அதுதான்" என்றாள். "மாத்திக்கயேன்" என்றேன். "ஒரு நாள் இடது கால எடுத்துக் கிளம்பினேன், சுளுக்கிக்கிச்சு. அம்மா பாத்தியான்னு கேட்டாக. நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நானா சொல்வது? வலது காலை எடுத்து வைத்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் அக்கா சொன்ன சகுனம் எதுவும் பொய்த்ததில்லை, பொய்த்ததை அவள் ஒப்புக்கொண்டதும் இல்லை. தம்பி சொன்னால் கேட்பாள், ஆனால் தம்பி வாசற்படி ஏறக்கூடாது என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் சனிக்கிழமை நீ பின்பக்கமாகத் தோட்டத்து வழியில் வா, படலைத் திறந்து வைக்கிறேன். வந்து, கையில் காலில் விழுந்தாவது, வலது கால் முதல் என்பது கல்யாண வீட்டுக்குத்தான், பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு இல்லை என்று அவளுக்குச் சொல்லிப் புரியவை. ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கும் நீதான் ரெஃப்ரி, விசிலை வீட்டிலேயே மறந்துவிட்டு வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்திருந்தால் கேட்டிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அந்தப் பிள்ளை வேறு எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

வேல்விழிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் எல்லோருக்கும் நோய்நொடி இல்லாமல், விசிலுக்கு வேலை இல்லாமல், நாட்கள் நல்லபடியாகப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு காலும் தரையில் நிற்காமல் தவிக்கும் உன் மச்சான்,
சுந்தரலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. கவரை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்து நின்றாள். "என்ன எழுதிருக்கீக? வாசிங்க" என்றாள். வாசித்தேன். சகுனம் பற்றி எழுதிய இடத்தில் குரலைத் தாழ்த்தினேன், "சத்தமா" என்றாள். முடித்ததும் நேராக வாசலுக்குப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏலே திரிஷா, அந்தப் பந்தப் போடு" என்றாள். பாய்ந்து பிடித்தாள், வலது காலைத்தான் முதலில் ஊன்றினாள். "ம்மா, இனி அந்தக் காலத் தூக்கக் கூடாது" என்றாள் பிள்ளை.

"ஏன் தூக்குறேன்?" என்றாள் உன் அக்கா. "வலது கால வச்சுத்தான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன். வச்ச கால என்னைக்காவது திருப்பி எடுத்தனா? கோவிச்சுக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கனா? அந்தக் கால அங்கனயே ஊன்டிக்கிட்டுத்தான் இத்தன வருசமா அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் உங்க அப்பாவுக்குமாச் சுத்துறேன். வைக்கிறதுக்குத்தான் ஆத்தா வலது கால். சுத்துறதுக்கு மத்தது."

இருட்டுகிற வரைக்கும் திரிஷா வலது காலை ஊன்றி இடது காலால் கிளம்பினாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் என்ன ஆகுமோ, அது வேறு. ஆனால் சிரித்தாள், சாப்பிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விசிலோடு வந்து சேர். உன் அக்கா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தப்புன்னா ஊதட்டும். ஆனா எம்மகளைப் பாத்து அந்தக் கைய மட்டும் உருட்டக் கூடாது."