கம்ப்யூட்டரில் வண்டு தேடிய நாள்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஓய்வு பெறும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர். எங்கள் காக்ஸ் டவுன் வீட்டு மாடிப்படி பதினாறு. வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. (எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். எண்ணாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் உங்களைக் கேட்டேனா?)

அந்த நம்பிக்கை ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது.

அப்போது என் மகள் ஸ்டெல்லா கைக்குழந்தையோடு எங்களுடன் இருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை ஒன்று வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். குழந்தையை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லாததால் இதைத்தான் நம்பியிருந்தாள். பரீட்சையாக ஐந்து பதிவுகள் கொடுத்திருந்தார்கள். அடித்ததை பிளாப்பியில் போட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். வியாழனே நாலு முடிந்துவிட்டது.

எனக்கோ அந்தக் கம்ப்யூட்டரில் பத்து நாளாக ஒரு சத்தம். டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ‘ர்ர்ர்ர்’.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா” என்றாள் ஸ்டெல்லா.

“ஹெட்போன் மாட்டிக்கிட்டா எப்படிம்மா கேக்கும்?”

“கழட்டினா இவன் அழறதுதான் கேக்குது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதைத் தொடாதீங்கப்பா, ப்ளீஸ்.”

மறுநாள் பத்து மணிக்குக் குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் தொடவில்லை. செய்தித்தாளைக் குழல்போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் வைத்துக் கேட்டேன். (இது தொடுவதில் சேராது.) முன்பக்கம் அமைதி. பின்பக்கம் வண்டு.

அதன்பின் எனக்குக் கை நிற்கவில்லை.

அணைத்துவிட்டு, பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை எடுத்து முத்தமிட்டு மேஜையில் வைத்தேன். குருத்தோலை ஞாயிறன்று சர்ச்சில் பாதிரியார் சாமி மந்திரித்துக் கொடுத்தது. வீட்டில் ஏழு இடத்தில் செருகியிருந்தேன், இது ஏழாவது. பிறகு மூடியின் ஆறு திருகாணிகளையும் கழற்றி இட்லித் தட்டின் ஒரு குழியில் போட்டேன். மூடியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. மூடினேன், முடுக்கினேன், ஓலையை மரியாதையாக அதே இடத்தில் வைத்தேன். ‘ர்ர்ர்ர்.’

மூன்று முறை திறந்தேன், மூன்று முறையும் அமைதி. மூன்று முறை மூடினேன், மூன்று முறையும் வண்டு. மூடி உள்ளே எதையோ அழுத்துகிறது என்று தீர்மானித்தேன். எதை? அதைக் கண்டுபிடிக்க உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். இட்லித் தட்டின் நாலு குழியும் நிறைந்தது.

“ஏங்க, என் இட்லித் தட்டு எங்க?” என்று வந்த என் மனைவி ரோஸி, மேஜையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணி மிஞ்சியது. நாடா போன்ற பட்டைக் கம்பிகளில் எது எங்கே என்று தெரியவில்லை. திரை கறுப்பு. பன்னிரண்டு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள்.

“ப்பா… என்னப்பா இது?”

“இருபத்திமூணு திருகாணியும் பத்திரமா இருக்கும்மா.”

“நான் அடிச்சது நாலும்?”

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அவள் அழவில்லை. குழந்தையை ரோஸி கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்கு அழுதே இருக்கலாம்.

லிங்கராஜபுரத்தில் டிவியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் லூர்துக்குப் போன் போட்டேன். “பந்தே அங்கிள், ஹத்து நிமிஷா” என்றான் கன்னடத்தில், பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று. அவனுடைய பத்து நிமிஷம் ஐம்பத்திரண்டு நிமிஷம். ஆனால் வந்தவன் இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் பூட்டி மூடிவிட்டான். திரை வெளிச்சமானது. நாலு பதிவும் இருந்தன. ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்தாவதை ஆரம்பித்தாள்.

“கேளுங்க அங்கிள், சத்தமும் போச்சு” என்றான் லூர்து பெருமையாக.

உண்மைதான். நிம்மதியாக ஓலைச் சிலுவையை எடுத்து, முத்தமிட்டு, பின்னால் செருகினேன்.

‘ர்ர்ர்ர்.’

படியில் ஒரு கால் வைத்த லூர்து திரும்பி வந்தான். ஓலையை உருவினான். அமைதி. செருகினான். வண்டு. ஈர ஓலை வெப்பக் காற்றில் காய்ந்து, நுனி சுருண்டு, உள்ளே சுற்றும் விசிறியில் உரசிக்கொண்டிருந்தது.

“அங்கிள், ஒவ்வொரு வாட்டியும் இத எடுத்துட்டா தொறந்தீங்க?”

“ஆமா. மந்திரிச்சது, கீழ விழலாமா?”

“மூடின அப்புறம்?”

“அதே இடத்துல வச்சேன்” என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் சிரித்தது ரோஸி. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஹெட்போனுக்குள் இருந்த ஸ்டெல்லாவின் முதுகும் குலுங்கியது. அழுகையோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். இல்லை.

ஐந்தாவதும் முடிந்ததும், பிளாப்பியோடு அவளை லூர்து தன் ஸ்கூட்டரிலேயே அந்த ஆபீசில் கொண்டுபோய் விட்டான். நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்ததாம். வேலை கிடைத்தது. அதன்பின் வீட்டில் மிக்ஸி முனகினாலும் கதவு கிறீச்சிட்டாலும் யாராவது ஒருவர், “பின்னாடி ஓலை இருக்கா பாருங்க” என்பார்கள்.

போன மாதம் இருமலுக்காக டாக்டரிடம் போயிருந்தேன். என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், “லேசா ஒரு சத்தம் கேக்குதே” என்றார்.

பக்கத்தில் நின்ற ரோஸி சட்டென்று என் சட்டைக் காலருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஓலை எதுவும் இல்ல டாக்டர், நீங்க தைரியமா பாருங்க” என்றாள்.