அன்றே சொன்ன முன்கூட்டியார்

அன்று காலை டிவி ஸ்டூடியோவில் இருந்தவர்கள்: நாற்காலிகளில் அடங்காத கூட்டம். சேனல் முதலாளி, நிகழ்ச்சியை நடத்துபவரும் அவரே, ஏனென்றால் சம்பளத்துக்கு வந்த யாராலும் அவ்வளவு நேரம் வெட்கப்படாமல் பேச முடியவில்லை. வார்டு தேர்தலில் நிற்கும் காண்டிராக்டர். அவரை எதிர்த்து நிற்கும் பல் டாக்டர். முதல் வரிசையில், கூப்பிய கை இறங்காமல், பல் டாக்டரின் கணவர். நடுவில் மெத்தை மேல் கண்ணை மூடிக்கொண்டு முன்கூட்டியார். சந்தேகத்துக்கு மட்டும் யாரும் பாஸ் கொடுக்கவில்லை. அது டாக்டரின் கைப்பையில் ஒளிந்து வந்திருந்தது.

முன்கூட்டியாரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கைக்குழந்தைகள் மட்டுமே. அவர்களையும் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டார்கள். ஒரு பாலம் இடிந்தது. அன்று மாலையே சேனலில் முன்கூட்டியார் தோன்றி, மூடிய கண்ணோரம் ஒரு சொட்டு நீருடன், "ஒரு பாலம் விழும்" என்றார். கீழே சிவப்பில் கொட்டை எழுத்து: போன மாதம் பதிவு செய்தது, அன்றே சொன்னார். ஒரு மந்திரி ராஜினாமா செய்தார். அதையும் அன்றே சொல்லியிருந்தார். ஒரு பந்தயத்தில் குதிரை முந்தியது. அட, குதிரைக்கே தெரியாததை அவர் அன்றே சொல்லியிருந்தார்.

செய்தி நேரத்தைச் சுருக்கி அவருக்குக் கொடுத்தார்கள். குடிநீரில் சாக்கடை கலந்த செய்தி, பள்ளிக்கூடக் கூரை பிய்ந்த செய்தி எல்லாம் திரையின் அடியில் எறும்பு வரிசை போல ஊர்ந்து போயின. படிக்க முடிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். ஜனநாயகம் அல்லவா, யாரும் தடுக்கவில்லை.

அந்தச் சாக்கடையைக் கட்டியவர்தான் காண்டிராக்டர். அதை மாற்றுவேன் என்றுதான் டாக்டர் தேர்தலில் நின்றார். ஆள் கண்டிப்பானவர், வாயைத் திற என்றால் திறக்க வேண்டும். வார்டில் பாதிப்பேர் அவருக்குத்தான் போடுவதாக இருந்தார்கள், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு சேனல் அந்த அறிவிப்பை வெளியிடும்வரை. இந்த வார்டின் முடிவையும் முன்கூட்டியார் பார்த்துவிட்டாராம். பதிவும் ஆகிவிட்டதாம். ரிசல்ட் வந்த மறுநிமிடம் ஒளிபரப்பாம்.

அவ்வளவுதான். ஊர் காலை நீட்டிப் படுத்துவிட்டது. கிளினிக்குக்கு வந்தவர்கள் வாய் கொப்பளித்து முடித்ததும் ஒரே பாட்டைப் பாடினார்கள். முடிவுதான் பதிவாகிவிட்டதே, வெயிலில் போய் எதற்கு வரிசையில் நிற்பது? காண்டிராக்டருக்கு இதைவிட இனிப்பான சேதி கிடையாது. அவருடைய ஆட்கள் வேனில் வந்து இறங்கிவிடுவார்கள். மற்றவர்கள் வீட்டில் கிடந்தால் போதும்.

டாக்டரின் வீட்டிலேயே ஒரு ஓட்டு படுத்துவிட்டது. கணவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வருங்காலத்தைக் காட்டியே பிழைப்பவர், அதனால் அதை நேரில் பார்த்தவர் மேல் தொழில்முறை மரியாதை.

"நான் உனக்கு எதிரா போடுறேன்னு சொன்னேனா? யாருக்குமே போடலைன்னுதானே சொல்றேன்" என்றார் அவர். "ஐயா பார்த்துட்டாரு. அதுக்கு மேல நாம கைய வைக்கிறது அபச்சாரம்மா."

"நீங்க எல்லாரும் போடாததாலயே நான் தோத்தா?"

"அதையும் அன்னைக்கே பார்த்திருப்பாரு."

இப்படி எந்தப் பக்கம் தட்டினாலும் நிமிர்ந்து நிற்கும் பதிலோடு என்ன செய்வது? டாக்டருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொத்தைப் பல்லைக்கூட எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்காதவர் அவர். முன்கூட்டியாரின் பழைய ஒளிபரப்புகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கணவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகுதான் இந்த ஸ்டூடியோ. தேர்தலுக்கு முந்தைய நாள், நேரலை. முதலாளி மைக்கைப் பிடித்து ஐயாவின் பெருமையை அவிழ்த்துவிட்டார். காண்டிராக்டர் பவ்யமாகக் குனிந்து ஆசி வாங்கினார். டாக்டரின் முறை வந்தது.

"எனக்கு ஆசி வேண்டாம். ஒரே ஒரு உதவி போதும்" என்றார். "ஐயா சொன்னதை இப்பவே போட்டுக் காட்டுங்க."

முதலாளி சிரித்தார். ரிசல்ட் வந்ததும் போடுவதுதான் வழக்கம் என்றார்.

"அதான் கேக்குறேன். பாலம் விழுந்தப்புறம் போட்டீங்க. மந்திரி போனப்புறம் போட்டீங்க. நடக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா?"

இத்தனை மாதம் இத்தனை ஆயிரம் பேர் பார்த்த நிகழ்ச்சி. இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவப்பு எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது.

முன்கூட்டியார் கண்ணைத் திறக்காமலே, காலம் கனியவில்லை என்றார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பக்தர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமிருந்து ஒரு சாமியாரை யாராலும் காப்பாற்ற முடியாது. டாக்டரின் கணவரே எழுந்துவிட்டார்.

"போடுங்க ஐயா. எங்க வீட்டம்மா வாயை அடைக்கணும்."

கூட்டம் கைதட்டியது. போடு, போடு என்று தரையை உதைத்தது. பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டியை முதலாளி ஓரக்கண்ணால் பார்த்தார். அது குரங்கு மாதிரி மரமேறிக்கொண்டிருந்தது. ஆசை கண்ணை மறைத்தது. எடிட்டிங் அறைக்குப் போகும் லைனை, பந்தாவுக்காக, ஸ்டூடியோ ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"தம்பி, அந்த வார்டுப் பதிவைப் போடுப்பா."

எடிட்டர் காலையிலிருந்து ஜன்னலில்லாத அறையில் ஒரு சோப்பு விளம்பரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். நேரலையில் தன் குரலும் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"எந்தப் பதிவு சார்?"

"ஐயா சொன்னதுப்பா."

"எல்லாத்திலயும் ஐயாதான் சார் சொல்லியிருக்காரு. டாக்டர் ஜெயிக்கிறதா, காண்டிராக்டர் ஜெயிக்கிறதா? ரிசல்ட் வந்தப்புறம்தானே எப்பவும் எதைப் போடணும்னு சொல்வீங்க?"

முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். எடிட்டர் தன் திரையில் அதைப் பார்த்தார். முதலாளி கையை ஆட்டினால் உடனே போடு என்று அந்த அறையில் பழக்கம். எதைப் போடுவது என்று தெரியாததால் எல்லாவற்றையும் போட்டார்.

பெரிய திரையில் முன்கூட்டியார் வந்தார். மூடிய கண், ஒரு சொட்டு நீர். "அந்தப் பெண்மணி வெல்வாள்." மறுபடி வந்தார். அதே சட்டை, அதே சொட்டு. "அந்தக் கட்டுமானக்காரர் வெல்வார்." மூன்றாவதில் தேர்தலே தள்ளிப்போனது. அதன் முடிவில் அவர் ஒரு கண்ணைத் திறந்து, "கிளிசரின் தீர்ந்துபோச்சு, ஊத்துங்க" என்றார்.

கூட்டத்தில் யாரோ முதலில் களுக்கென்றார். பிறகு ஸ்டூடியோவே விழுந்து புரண்டது. காண்டிராக்டர் இரண்டாவது பதிவுக்கு மட்டும் கைதட்டிவிட்டு, தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

நான்காவதும் இருந்தது. அதில் நிறையச் சொட்டு. "வாக்குப்பதிவுக்கு முன்பே அந்தப் பல் மருத்துவர் காலமாவார். இன்றே சொல்கிறேன்."

சிரிப்பு நின்றது. கணவர் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். உயிரோடு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார் அவர்.

"யோவ்" என்றார் கணவர். ஐயா என்ற வாய்க்கு அது புதுச் சொல். "எம் பொண்டாட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அழுது வச்சிருக்கியே, நீ மனுசனா?"

முன்கூட்டியார் முதல்முறையாக இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தார். வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான். முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கலாம். கூட்டம் வழிமறித்து அவரைப் போலீஸில் ஒப்படைத்தது.

சேனலுக்கு வெட்கம் வந்ததா? அன்று மாலையே அதே சிவப்பில், அதே கொட்டை எழுத்தில்: போலியை முதன்முதலாக அம்பலப்படுத்திய ஒரே சேனல். அதையும் கைதட்டிப் பார்த்தார்கள் சில பேர். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பேசியவனைப் பிடித்தாயிற்று. கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தவர்கள் எப்போது மூளையைத் திறப்பார்கள்?

மறுநாள் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் வரிசை தெருமுனை வரை நின்றது. வேனில் வந்து இறங்கியவர்கள் அந்த வரிசையில் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. டாக்டரின் கணவர் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கி, பாலிசி விற்கும் அதே பிடிவாதத்தோடு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். தன் ஓட்டு ஞாபகம் வந்து மூச்சிரைக்க ஓடிவந்தபோது, நேரம் முடிந்து போலீஸ்காரர் கதவில் கையை வைத்துவிட்டார்.

"என்ன சார், கடைசி ஆளா வர்றீங்க. யாரு ஜெயிப்பாங்கன்னு ஏதாவது தெரியுமா?" என்று கேலி செய்தார் போலீஸ்காரர்.

"தெரியாது. அதனாலதான்யா ஓடிவர்றேன்" என்று உள்ளே நுழைந்தார்.

போலீஸ்காரர் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.