டிவிடி ஆறட்டும்

செல்வதாஸின் பெரியம்மை நேசபாய் நாற்காலியை இழுத்து டிவிடி ரெக்கார்டருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு பழைய வீடியோ கேசட் இருந்தது.

"நீ போடு மக்கா. நான் இஞ்சயே இருக்கேன். இது எனக்க கண்ண விட்டு மறையப்பிடாது."

செல்வதாஸ் தலையசைத்தார். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். குவைத்திலிருந்து மைத்துனன் சிஜின் கொண்டுவந்த இயந்திரம் அது. ஒரு பக்கம் கேசட்டைப் போட்டால் மறுபக்கம் டிவிடியில் பதிந்து வரும். பெட்டியைப் பிரித்த அன்றே மனைவி சஜிதாவிடம், இதை யாரும் தொடக்கூடாது, பிசிக்ஸ் தெரிந்தவன் மட்டுமே கைவைக்க வேண்டிய சாமான் என்று சொல்லியிருந்தார்.

அவருக்கு அதை இயக்கத் தெரியாது.

முதலில் ஆலயச் செயலாளர்தான் மகளின் ஞானஸ்நானக் கேசட்டைக் கொடுத்தார். செல்வதாஸ் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தார். வெறும் டிவிடிதான் வெளியே வந்தது. தெரியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அது வாயில் வரவில்லை. மறுநாள் கேசட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு தக்கலையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். நெய்யூர்க்காரன், பேங்கில் வேலை என்று பொய் சொன்னார். கிடைத்த டிவிடியைத் தன் கைவேலையாகச் செயலாளரிடம் நீட்டினார்.

அதோடு இரணியல் முழுக்கப் பேர் பரவிவிட்டது. கல்யாணம், கிரகப்பிரவேசம், அடக்க ஆராதனை என்று கேசட்டுகள் வந்தபடி இருந்தன. எல்லாம் அவர் பையில் தக்கலைக்குப் போய்த் திரும்பின. ஆலயம் முடிந்து வெளியே வரும்போது யாராவது "சாருக்க கைப்பக்குவம்" என்றால் அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

இப்போது பெரியம்மை. அது அவள் மகளின் கல்யாணக் கேசட். பெரியப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் குரல் மிஞ்சியிருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். பந்தியில் நின்று கேமராவைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவ்வளவே. கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

வோல்டேஜ் குறைவு என்றார் செல்வதாஸ். பெரியம்மை நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மிஷின் சூடாக இருக்கிறது என்றார். அவள் பனையோலை விசிறியை எடுத்து அதற்கு வீசத் தொடங்கினாள். நாளைக்குப் பார்க்கலாமே என்றார்.

"பாக்கலாம். நான் ஒரு வாரம் இருக்கணும்னுதான் வந்திருக்கேன்."

அடுக்களை வாசலில் நின்ற சஜிதா, "நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போயி சாயா போடு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வேறு வழியில்லாமல் கேசட்டைப் போட்டு ஏதோ ஒன்றை அழுத்தினார். படம் ஓடியது. சிவப்பு விளக்கு ஒன்றுகூட எரிந்தது. எதற்கு எரிகிறது என்று தெரியாவிட்டாலும் விளங்கியதுபோல் தலையாட்டினார். பந்தி வந்தது. பெரியப்பா திரும்பினார். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள் பெரியம்மை, டிவியைப் பார்த்து.

செல்வதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அவள் கையை நீட்டினாள். "டிவிடி எங்க மக்கா?"

"அது ஆறணும் பெரியம்மை. சூட்டோட எடுத்தா படம் அழிஞ்சிரும்."

"எப்பம் ஆறும்?"

"நாளைக்கு சாயங்காலம் ஆவும்."

படித்தவன் சொல்வதை அவள் நம்பினாள். இயந்திரத்தின் மேல் கைவைத்து ஜெபித்தாள். பிறகு யாரும் அதைத் திறந்துவிடக்கூடாதென்று அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவள் நம்பியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

காலையில் அவள் குளிக்கப் போனபோது, கேசட்டை எடுத்துத் தன் பைக்குள் சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தார். காலி உறைக்குள் பாடகர் குழுவின் கேசட் ஒன்றைத் திணித்தார். பேருந்தில் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. இது தொலைந்தாலோ அறுந்தாலோ என்ன சொல்வது? கள்ளன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதுதான் இன்னும் மோசம்.

ஸ்டூடியோவில் லிஜின் கேசட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தான். இந்த வாரம் நடக்காது என்றான். செல்வதாஸ் கெஞ்சினார். பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு இங்கேயே காத்திருப்பதாகச் சொல்ல வாயெடுத்து, பேங்குக்கு என்று திருத்திக்கொண்டார். எப்படியும் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்.

லிஜின் வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

"சார் தெரிஞ்ச ஆளானதுனால சொல்லுகேன். எனக்க மிஷினு கெட்டுப்போயி கொறே நாளாச்சு. இரணியல்ல ஒரு அக்காதான் பகல்ல வீட்டுல வச்சு எல்லாத்தையும் காப்பி போட்டுத் தாறாவ. காலையில போன் பண்ணினாவ, இப்பம் அவிய மாப்பிளைக்க பெரியம்மை வந்து மிஷினு முன்னாலயே பாய விரிச்சுக் கெடக்காவளாம்."

லிஜின் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"அந்த மாப்பிளைக்கு மிஷின ஓட்டத் தெரியாதாம் சார். வெளிய தெரிஞ்சா அவருக்கு நாணக்கேடாப் போவும்னு, ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாதுன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ. நீங்களும் யாருட்டயும் சொல்லிராதீங்க."