இரண்டு காரும் சரியாக இருக்கின்றன

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
14.2.1983

மதிப்புக்குரிய மச்சான் வடிவேல் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் அய்யாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே குளிர் விலகிவிட்டது, வெயில் இதமாக இருக்கிறது. நான், உங்கள் தங்கை சாந்தகுமாரி, பொன்னி, தர்மன் நால்வரும் சௌக்கியம். பாளையங்கோட்டையில் நீங்களும் செங்கம்மாள் அக்காவும் மருமகப்பிள்ளை ராமனும் இதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தாங்கள் போட்ட கார்டு புதன்கிழமை கிடைத்தது. குவைத்திலிருந்து உங்கள் தம்பி ஜோதிலிங்கம் ராமனுக்கென்று கொடுத்தனுப்பிய கார் பந்தயப் பெட்டி தில்லிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறதே, அது ஊர் வந்து சேருமா, அல்லது தில்லியிலேயே குடியேறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கார்டு என்பதால் எதிர்வீட்டுப் பட்டாபி முழுவதும் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். சாந்தகுமாரி, "எங்க அண்ணன் இப்படி எழுதுத மாதிரி வச்சிட்டியளே, அந்தப் பய முதல் மார்க்கு வாங்கினதுக்குக் கிடைச்ச சாமான், வாசலையே பாத்துக்கிட்டு நிப்பான்லா" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் என்னிடம் உப்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் பேசவில்லை. உங்கள் வீட்டில் பெண் எடுத்த பதினோரு வருஷத்தில் என் பெயருக்கு ஒரு சொட்டுக் கறை கிடையாது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு விஷயம். ஜோதிலிங்கம் ராமனுக்குப் பந்தயப் பெட்டியும், எங்களுக்கு இரண்டு டவலும் ஒரு டப்பி தலைவலித் தைலமும் அனுப்பியிருந்தான். குறையாகச் சொல்லவில்லை. தைலம் இந்த ஐந்து வாரத்தில் மிகவும் உபயோகப்பட்டது.

பெட்டி வந்த அன்றே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். சர்க்கார் வாங்குகிற சாமான்களைச் சோதித்து, 'பரிசோதிக்கப்பட்டது, சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுகிறவன். பத்தொன்பது வருஷமாகப் போடுகிறேன். மின்விசிறி, வாளி, கம்பளி, ஒருமுறை நாலாயிரம் விசில். மச்சானிடம் மறைப்பானேன், எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை, காகிதம்தான் வரும். ஆகவே சொந்த மருமகனுக்குப் போகிற சாமானையாவது கையால் தொட்டுச் சோதித்து அனுப்புவோம் என்று ஒரு ஆசை வந்தது. நல்லெண்ணத்தில் வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதைத் துண்டுகள் பதினெட்டு, சிவப்புக் கார் ஒன்று, நீலக் கார் ஒன்று, கையில் பிடித்து அழுத்த இரண்டு விசைகள், ஜப்பான் எழுத்தில் ஒரு விளக்கத்தாள். தாளை நான் நேராகவும் தலைகீழாகவும் படித்துக்கொண்டிருந்தபோது ஆறு வயசு தர்மன் பாதையை மாட்டியே முடித்துவிட்டான். கட்டிலுக்கு அடியில் புகுந்து, டிரங்குப் பெட்டியைச் சுற்றி, சமையலறை வாசல்படியைத் தொட்டுத் திரும்பி வந்தது பாதை. ஓட்டுவதற்கு ஆறு செல் வேண்டும். ரேடியோவிலிருந்து நாலு, டார்ச்சிலிருந்து இரண்டு எடுத்தோம். அன்று முதல் உங்கள் தங்கைக்குத் தமிழ்ச் செய்தி கிடையாது, பட்டாபி வீட்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொள்கிறாள். முதல் ஓட்டத்தில் பொன்னிக்குச் சிவப்பு, தர்மனுக்கு நீலம். மூன்று எண்ணினேன். நீலக் கார் சமையலறை வளைவில் பாதையை விட்டுக் கிளம்பி, படியைத் தாண்டிப் பறந்து, அரைத்து வைத்திருந்த இட்லி மாவில் மூக்கு கீழாக இறங்கிவிட்டது. சாந்தகுமாரி கரண்டியால் அதை எடுத்துக் கழுவி, "இதுவும் சோதனைல சேருமா?" என்று கேட்டாள். சேரும் என்று சொன்னேன், என்ன செய்வது. இரண்டு நாள் மாடிச்சுவரில் வெயிலில் காயவைத்தோம். இன்னும் லேசாகப் புளித்த வாசனை இருந்தால் ராமன் பயப்பட வேண்டாம், மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு பிளாக் முழுவதும் செய்தி போய்விட்டது. பதினான்கு பிள்ளைகள் மாடிப்படியில் வரிசை நின்றார்கள். ஒன்பது வயசுப் பொன்னி கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, "ஏக் ஏக் கர்கே ஆவோ, தக்கா மத் தோ" என்று, ஒவ்வொருத்தராக வரணும், தள்ளக் கூடாது என்று இந்தியில் அதட்டி, ரேஷன் கடைக்காரர் மாதிரி நிறுத்தி வைத்தாள். நானும் வரிசையில்தான் நின்றேன். வீட்டுக்காரன் என்று சலுகை கேட்டேன், கிடைக்கவில்லை. மூன்று ஞாயிறு வரிசையில் நின்றேன், என் முறை வரும்போதெல்லாம் யாராவது ஒரு அம்மா சாப்பிடக் கூப்பிட்டுப் பந்தயம் கலைந்துவிடும். கடைசியில் போன மாதம் முப்பதாம் தேதி நீலக் காரின் விசை என் கைக்கு வந்தது. முழுசாக அழுத்தினேன். கார் பறந்துபோய் டிரங்குப் பெட்டியில் முட்டியது. பொன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, மோட் வந்தா விரலை எடுக்கணும். இது கூடத் தெரியாதா? ஆஃபீஸ்ல என்னதான் சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள். பதினான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மோட் என்றால் இங்கே வளைவு. விரலை எடுத்துப் பார்த்தேன் மச்சான். அங்கேதான் என் புத்தி மாறிப்போனது. வளைவு வரும்போது விரலைத் தளர்த்தி, வளைவு முடியும்போது மெல்ல அழுத்தினால் அது எவ்வளவு அழகாகப் போகிறது தெரியுமா? தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, கார் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெயில் தரையில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. கார் அந்த வெயிலுக்குள் நுழைந்து மினுங்கி, கட்டிலுக்கு அடியில் இருட்டுக்குள் போய், சத்தம் மட்டும் கேட்டு, மறுபடி வெயிலில் வந்தது. நான் ஸ்கூட்டருக்குப் பதிந்து எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் நம்பர் வரவில்லை. பத்தொன்பது வருஷமாக பஸ் படியில் தொங்கிக்கொண்டே இந்த ஊரைப் பார்க்கிறேன். அன்று அந்த நீலக் காருக்குள் நான் உட்கார்ந்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். ரிங் ரோடு காலியாகக் கிடந்தது, கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, யாருக்கும் எங்கேயும் பதில் சொல்ல வேண்டாதவனாகப் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கூட்டமாகக் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப காலம் ஆகிறது. சாந்தகுமாரி என் நெற்றியில் தைலம் தடவிய பிறகுதான் எழுந்தேன். அதற்குப் பிறகு ஆபீசுக்கு நாலு நாள் தாமதம். காரணம் எழுதிக் கேட்டார்கள், வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் உங்கள் கார்டு வந்தது. எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அன்றே பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து, "இது ராமன் சாமான். அடுத்தவங்க சாமான் மேல ஆசை வைக்கக் கூடாது. பாத்தோம், தொட்டோம், போதும். குடுத்திரணும்" என்று அரைமணி நேரம் புத்தி சொன்னேன். தர்மன் அழுதான். பொன்னி அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு, "அச்சா அப்பா" என்றாள். அவளே பாதைத் துண்டுகளைத் துடைத்தாள், குளிருக்குப் போர்த்துகிற ரஜாயிலிருந்து கொஞ்சம் பஞ்சு பிய்த்து இரண்டு காரையும் பொதிந்தாள், என் எதிரில் எண்ணிப் பெட்டியில் வைத்தாள். இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றதற்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக, பெட்டி இன்று காலை என் கூட வேலை பார்க்கும் அந்தோணியிடம் சேர்ந்தாயிற்று. லீவில் ஊருக்குப் போகிறார், மாலை ஜி.டி. எக்ஸ்பிரஸ். பாளையங்கோட்டையில் வீட்டுக்கே வந்து கொடுப்பார். பாதை பதினெட்டு, விசை இரண்டு, கார் இரண்டு, எல்லாம் நானே நேரில் பரிசோதித்தது, சரியாக இருக்கிறது. இனி என்னைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். ராமனுக்கு என் ஆசீர்வாதம், அவன் இன்னும் பல பரீட்சைகளில் முதலாவதாக வந்து, சித்தப்பாவிடமிருந்து இன்னும் பெரிய பெட்டிகள் வாங்கி, தீர்க்காயுசாக இருக்கட்டும். தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

அன்புடன்,
அய்யாசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. பொன்னி எண்ணி வைத்தது இரண்டு கார்தான். காலையில் அந்தோணி வருவதற்கு முன் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பெட்டியை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினேன். நீலக் கார் இப்போது ஆபீசில் என் மேஜைமேல் இருக்கிறது. விரலால் தள்ளினால் மைப்புட்டி வரைக்கும் போகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாது, சாந்தகுமாரிக்கும் தெரியாது, தெரிந்தால் உப்பு விஷயமும் பேசமாட்டாள். நான் சொன்ன புத்திமதியைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால் அதே தாளின் பின்பக்கத்தில் ராமனுக்கு ஆசீர்வாதம் இருக்கிறது. ஒரே கார் என்றால் அவனைத் தோற்கடிக்க ஆள் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நியாயமாகப் படவில்லை. மணி ஐந்து. ரயில் ஏழு மணிக்கு. இங்கிருந்து ஸ்டேஷன் அரைமணி நேரம், பஸ் வாசலிலேயே நிற்கும். ஓடிப்போய் அந்தோணியிடம் கொடுத்துவிடலாம். கொடுத்துவிடத்தான் வேண்டும். இதை எழுதும்போது ஐந்தே கால் ஆகிறது மச்சான், நான் இன்னும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.