தாத்தாவின் இரண்டாம் மரணம்

டெல்பர்ட் க்ரோகர் கண் விழித்தபோது பரீட்சை நேரம் முடிந்து அரைமணி ஆகியிருந்தது.

அவர் தூங்கியது வீட்டில் அல்ல. கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில், தம் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கின்மீது. தீவன ஆலையில் விடியற்காலை ஷிப்டை முடித்துவிட்டு வந்து, இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி, ஒருவழியாக வண்டியை நிறுத்தி, ஒரே நிமிடம் என்று கண்ணை மூடியவர். ஐம்பத்தொன்பது வயதுக்காரரின் ஒரு நிமிடத்துக்கு வரையறை கிடையாது.

ஓடினார். வகுப்பறை பூட்டிக் கிடந்தது. எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எண்ணி நெற்றியில் அறைந்துகொண்டார்.

இளமையில் பாதியில் விட்ட பட்டயம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்து, மற்றப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டார்; இயற்கணிதம் ஒன்றே பாக்கி. அதில் தேறினால் மே மாதப் பட்டமளிப்பில் கறுப்பு அங்கியோடு மேடை ஏறலாம். தேறாவிட்டால் ஏற முடியாது. பேராசிரியர் ஹால்வர்சனோ அறுபத்தாறு வயதிலும் முதுகு வளையாத மனிதர். 'பரீட்சைக்கு வராதவர்க்குப் பூஜ்யம்' என்று முதல் நாளே பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டவர்.

"தாத்தாவைக் கொன்னுடுங்கப்பா" என்றாள் மகள் ஜோலீன்.

"என்னம்மா பேசுற?"

"அந்தக் காலேஜ்ல எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. பரீட்சை வந்தா தாத்தா சாவாரு. நான் படிச்சப்போ மூணு தாத்தாவை அனுப்பி வச்சேன்."

"உனக்கு இருந்ததே ரெண்டு தாத்தாதானே?"

"கெமிஸ்ட்ரி ரொம்பக் கஷ்டம்ப்பா. ஒருத்தரு ரெண்டு தடவை போக வேண்டியதாப் போச்சு."

"எனக்கு அம்பத்தொம்பது வயசு! எங்க தாத்தா நான் ஸ்கூல்ல படிக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாரு."

"அப்போ பொய்யே இல்லையே! செத்தாரா, இல்லையா? எப்போன்னு யாரு கேக்கப் போறாங்க?"

டெல்பர்ட்டின் கைப்பேசி, பேசுவதைத் தவிர வேறொன்றும் அறியாதது. ஆகவே மகளின் கணினியில் அமர்ந்து பேராசிரியருக்கு மடல் எழுதினார்: 'என் தாத்தா காலமானார். ஆகையால் இன்று பரீட்சை எழுத இயலவில்லை.' முதல் வாக்கியம் உண்மை. பரீட்சை எழுதவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போட்ட 'ஆகையால்' ஒன்றுதான் பொய். ஒரு மனிதனைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும்.

"மாணவர் நலன் ஆபீசுக்கும் ஒரு காப்பி போடுங்க. அப்பத்தான் நம்புவாங்க" என்றாள் ஜோலீன். போட்டார்.

பேராசிரியரின் பதில் உடனே வந்தது. 'மரணத்தைக் குறித்து யாரும் யாரையும் கேள்வி கேட்கலாகாது. இதுபற்றி இனி ஒரு சொல்லும் வேண்டாம். அடுத்த செவ்வாயன்று வந்து பரீட்சை எழுதுங்கள்.'

இவ்வளவு இரக்கம் அந்தக் கல்நெஞ்சுக்குள் எங்கே இருந்தது என்று டெல்பர்ட் வியந்தார். நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் காலையில் தொலைபேசி ஒலித்தது; ஒரு பெண் குரல்.

"மிஸ்டர் க்ரோகர், நலன் ஆபீஸ்லேருந்து மார்லிஸ் பேசுறேன். கேட்டதும் மனசே சரியில்லைங்க. தாத்தாவுக்கு என்ன வயசு?"

டெல்பர்ட் மனத்துக்குள் கணக்குப் போட்டார். வாழ்க்கையில் அவருக்கு இயற்கணிதம் தேவைப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

"நூத்தி... ஏழுங்க."

"நூத்தியேழா! அப்போ உலகப் போருக்குப் போயிருப்பாரே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நூற்றேழு வயதுவரை தாம் வாழவைத்த மனிதரைப் போருக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தவர் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"போனாருங்க."

பொய்யும் ஒரு வாக்கியமே. எழுவாயைச் சொன்னவன் பயனிலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நண்பகலில், மார்லிஸ் சொல்லக் கேட்டு, முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஆர்வில் அழைத்தார். எண்பத்து நான்கு வயது. குரல் மட்டும் இன்னும் அணிவகுப்பிலேயே இருந்தது.

"தம்பி, இந்த மாவட்டத்துலயே மூத்த சிப்பாய் உங்க தாத்தாதான்! இத்தனை வருஷமா அவரை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"அவரு கொஞ்சம் கூச்ச சுபாவம்ங்க."

"அடக்கம் எப்போ? கொடியோட வர்றோம். பியூகிள் கொம்பை நானே ஊதுறேன்."

"அடக்கம் இல்லைங்க. எரிச்சாச்சு."

"அதுக்குள்ளயா?"

"அவரு எப்பவுமே அவசரக்காரருங்க."

"நூத்தியேழு வருஷம் இருந்தவரு அவசரக்காரரா? சரி, சாம்பல் எங்க?"

"மினசோட்டாவுல ஒரு ஏரியில கரைச்சாச்சு."

"எந்த ஏரி? அங்க ஆயிரக்கணக்குல கிடக்கே தம்பி!"

"அதனாலதாங்க எதுன்னு ஞாபகம் இல்ல."

"துக்கத்துல இருக்கீங்க, புரியுது" என்றார் ஆர்வில். "செவ்வாய்க்கிழமை உங்க வகுப்புலயே மரியாதை பண்ணிடலாம். மார்லிஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

செய்தி அன்று மாலைக்குள் தேவாலயத்தை எட்டியது. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த அயோவா மாநிலத்தில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பாலாடைக்கட்டி போட்டு வாட்டிய உருளைக்கிழங்கு, தட்டுத் தட்டாக வந்து குளிர்பதனப் பெட்டியை நிறைத்து, சமையல் மேடையையும் ஆக்கிரமித்தது. ஜோலீன் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள்.

"நான் சின்னதா ஒரு சாவுதானேப்பா சொன்னேன்? நீங்க ஊரையே கூட்டிட்டீங்களே!"

"சாப்பிடுறதை நிறுத்திட்டு வழியைச் சொல்லு."

"இனிமே ஒரே வழிதான். உண்மையைச் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை டெல்பர்ட் பேராசிரியரின் அறைக்குப் போனார். "சார், தாத்தா விஷயத்துல ஒண்ணு சொல்லணும்..."

ஹால்வர்சன் துள்ளி எழுந்து கதவைச் சாத்தினார். "ஒண்ணும் சொல்லாதீங்க! நம்ம வயசுல தாத்தாவைப் பறிகொடுக்கிறதுங்கறது ரொம்ப... தனிப்பட்ட விஷயம்." பேசிக்கொண்டே முழங்கையைப் பிடித்து, டெல்பர்ட்டை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பறைக்குள் மார்லிஸ் கறுப்பு உடையில் வந்தார். பின்னால், பழைய சீருடையின் பொத்தான்கள் திணற ஆர்வில் வந்தார். தோளில் பியூகிள் தொங்கியது; கையில், இறந்த சிப்பாயின் வீட்டாருக்குக் கொடுக்கும் முக்கோணமாக மடித்த கொடி. மாணவர்கள் எழுந்து நின்றார்கள். ஆர்வில் விறைப்பாக நடந்து வந்து, இரு கைகளாலும் கொடியை நீட்டினார். கண்களில் நீர் கட்டியிருந்தது.

டெல்பர்ட்டின் கை எழவில்லை. கல்லூரியை ஏமாற்றலாம், பேராசிரியரை ஏமாற்றலாம்; இந்தக் கிழவரிடம் இந்தக் கொடியை வாங்க முடியாது.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. எங்க தாத்தா செத்து நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. போருக்கெல்லாம் போகல; மாடு வளர்த்தாரு. நான் வண்டியிலயே தூங்கிட்டேன். பரீட்சை போச்சு. பயத்துல பொய் சொன்னேன்."

ஆர்வில் கொடியை மெல்ல மார்போடு அணைத்துக்கொண்டார். "கொடியைக் கையில வாங்காம உண்மையைச் சொன்னியே, அந்த மட்டும் சரி" என்றார்.

டெல்பர்ட்டின் நெஞ்சில் ஒரு வாரமாகக் கிடந்த கல் இறங்கிவிட்டது. மே மாதமும் கறுப்பு அங்கியும் போனாலும் போகட்டும். மூச்சாவது முழுதாக வந்தது. தீர்ப்புக்காகப் பேராசிரியரைப் பார்த்தார். ஹால்வர்சன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி, மனுஷன்னா அப்படித்தான். எல்லாரும் உக்காருங்க. பரீட்சையை ஆரம்பிக்கலாம்" என்றார், யார் முகத்தையும் பாராமல். வினாத்தாள்கள் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறின.

"அதெப்படிங்க புரொஃபசர்?" மார்லிஸின் குரல் உயர்ந்தது. "விதின்னு ஒண்ணு இருக்கே! போன வாரப் பரீட்சைக்கு வராம, தாத்தா செத்துட்டாருன்னு பொய் சொன்னா என்ன தண்டனை? நீங்கதான் சொல்லணும்."

கடைசி வரிசையில் கீகன் என்ற இளைஞன் காதிலிருந்து பாட்டுக் கேட்கும் கருவியைக் கழற்றினான்.

"போன வாரம் எங்க மேடம் பரீட்சை நடந்துச்சு? தன்னோட தாத்தா செத்துட்டாருன்னு சார் காலையிலயே எங்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டு ரத்து பண்ணிட்டாரே!"