சிங்கம் மானுக்குப் பங்காளியான கதை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. வேறு யார் இருக்கப்போகிறார்கள்? அந்தக் காட்டுக்கு ஒரே சட்டம்: பங்காளியைப் பங்காளி தின்னக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் சிங்கம் வாயைத் திறந்தாலே போதும், எருமைகூட "நான் உங்க ஒன்றுவிட்ட தம்பி" என்று உறவு கொண்டாடியது.

தொல்லை தாங்காமல் ராஜா ஒரு சாஃப்ட்வேர் வரவழைத்தார். ஆளுக்கு ஒரு சொட்டு எச்சில் கொடுத்தால், யாருக்கு யார் எந்தக் காலத்துச் சொந்தம் என்று வம்சமரத்தை அதுவே வரைந்துவிடும். அதை இயக்க முள்ளம்பன்றி. அதற்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், பட்டனை அமுக்கத் தெரியும்.

எல்லோரும் கொடுத்தபின் ராஜா வந்து கொடுத்தார். அப்போதுதான் சாப்பிட்டிருந்தார். வாய் கொப்பளிக்கும் பழக்கம் ராஜாக்களுக்கு ஏது? மரம் வந்தது. சிங்கம் புள்ளிமான் கிளையில் இருந்தது.

"என்னய்யா கூத்து இது? நான் மானா?"

"நான் வரையலீங்க ராஜா, அதுவா வரைஞ்சது. ஆட்சேபணை இருந்தா ஒரு வாரம் கழிச்சுப் புது எச்சில் கொடுங்க."

கூட்டத்தில் செவந்தி என்ற மான் தன் குட்டியோடு நின்றிருந்தது. காலையில் ராஜா சாப்பிட்டது அதன் அக்காவை. மரம் ஏன் இப்படி வந்தது என்று அதற்கு உடனே விளங்கிவிட்டது. அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் குட்டி போய்விடுமே!

"வாங்க பங்காளி" என்று கும்பிட்டது.

ஒரு வாரம் மான்களுக்கு நிம்மதி. பிறகு ராஜா ஒரு முயலைத் தின்றுவிட்டு, அதே வாயோடு மறுபடி எச்சில் கொடுத்தார். இப்போது ராஜா முயல். மான்கள் அந்நியம். ராஜா மறுபடியும் ஆட்சேபணை சொன்னார்; பரிசோதனை வாராவாரம் என்றாகிவிட்டது.

சூட்சுமம் காடு முழுக்கப் பரவியது. பரிசோதனைக்கு முன் ராஜா யாரைச் சாப்பிடுகிறாரோ, அந்த இனத்துக்கு ஒரு வாரம் உயிர்ப்பிச்சை. "அந்தச் சனியனைத் தூக்கி எறியலாமே" என்றது ஓர் ஆமை. "விஞ்ஞானத்தையே எதிர்க்கிறியா?" என்று எல்லோரும் அடிக்கப் பாய்ந்தார்கள்.

அடுத்த பரிசோதனை நாளில் குகை வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொரு இனமும் தன் ஆள் ஒருவரைக் கூட்டி வந்திருந்தது. முள்ளம்பன்றி டோக்கன் கொடுத்தது.

முதல் டோக்கன் செவந்திக்கு. பக்கத்தில் அதன் நாத்தனார்.

"ஏன் அண்ணி, எச்சில் டெஸ்ட்டுன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? யாரோட எச்சில்?"

"உள்ள போ கண்ணு, அவங்களே சொல்லுவாங்க."

நீதி: சொந்தம் என்று ஒருவன் வந்தால் வம்சமரம் கேட்காதே, காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேள்.